சென்னையின் மழலையர் பள்ளிகளை நடத்துவோருக்கு, மெட்ராஸ் ஐ பற்றி ஒரு திறந்த மடல்

தாளாளர்களுக்கும், தலைமை ஆசிரியைகளுக்கும், ப்ளே ஸ்கூல் நடத்துவோருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்ததும் உங்கள் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சுற்றறிக்கை வரும். வாசகம் பள்ளிக்குப் பள்ளி மாறினாலும் சாரம் ஒன்றுதான்: கண் சிவந்திருந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம், சொட்டு மருந்து ஆரம்பித்து 24 மணி நேரம் ஆனதும், மருந்துச் சீட்டைக் காட்டிவிட்டு அனுப்பலாம். என் பேரன் யு.கே.ஜி. படிக்கும் பள்ளியிலும் இதுதான் விதி. அந்தப் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் இது அந்த ஒரு பள்ளியின் பழக்கம் இல்லை. சுற்றறிக்கையின் முதல் பாதியோடு எனக்குச் சண்டை கிடையாது. இரண்டாம் பாதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கண் ஓபியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அழுகிற பிள்ளையைக் கிடத்தி, தலையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் டார்ச் அடிக்கும்போது இமையைத் திறந்து காட்டுவது என் வேலையாக இருந்தது. மெட்ராஸ் ஐ சீசனில் பிள்ளைகளின் கண்ணில் எதையெல்லாம் விட்டுவிட்டு அழைத்து வருகிறார்கள் என்பதை அதனால் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்.

இந்த நோய் நம் ஊருக்குப் புதிதில்லை. 1918-ல் இங்கே பரவியதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே வரிசை எப்படி நீளும் என்று வட சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 நவம்பரில் ஒரு பெரிய அலை வந்து போனது. மறு வருடம் வட மாநிலங்கள் வரை பரவியது. ஆனாலும் சொட்டு மருந்து விட்டால் ஒரே நாளில் தொற்று நின்றுவிடும் என்ற நம்பிக்கை மட்டும் பள்ளிகளில் அசையாமல் இருக்கிறது.

அந்த 24 மணி நேரக் கணக்கு பாக்டீரியாவுக்குச் சொல்லப்பட்டது. நம் ஊர் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. சில அலைகளில் என்டிரோ வைரஸ் வகைகளும் சேர்ந்துகொள்ளும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து ஒன்றும் செய்யாது. முதல் நாள் ஒரு கண், இரண்டு மூன்று நாளில் மறு கண்ணும் சிவக்கும். தண்ணீராகக் கொட்டும், மண் விழுந்த மாதிரி உறுத்தும், சில பிள்ளைகளுக்குக் காதுக்கு முன்னால் நெறி கட்டும். தொண்டை வலியும் காய்ச்சலும் கூட வரலாம். முதல் நாலைந்து நாள் கூடிக்கொண்டே போய், பிறகு தானாக இறங்கும். முழுதாகச் சரியாக ஒரு வாரமும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும், சிலருக்கு மூன்று. அதாவது உங்கள் விதிப்படி மருந்து ஆரம்பித்த மறுநாள் வகுப்புக்கு வருகிற பிள்ளை, நோய் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது வருகிறது. மருந்துச் சீட்டு இருப்பதால் ஆசிரியையும் கவலைப்படாமல் பக்கத்தில் உட்கார வைக்கிறார்.

சின்னப் பிள்ளைகளுக்கு பாக்டீரியாவாலும் கண் சிவக்கும், அது பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம். மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டிப் பீளை வரும், துடைத்த கொஞ்ச நேரத்தில் திரும்பத் திரளும், காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. இதற்கு ஆன்டிபயாடிக் உதவும். ஆனால் லேசாக இருந்தால் சுத்தம் செய்து வந்தாலே பல பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்; மருந்து ஓரிரு நாளைக் குறைக்கும், அவ்வளவுதான். இப்படிப் பீளை வரும் பிள்ளை காது வலிக்கிறது என்றும் சொன்னால் கவனம். ஒரே கிருமி கண்ணிலும் காதிலும் இருக்கலாம், அதற்குச் சொட்டு மருந்து போதாது, வாய்வழி மருந்து தேவைப்படும்.

மூன்றாவது காரணம் அலர்ஜி. இரண்டு கண்ணும் ஒன்றாகச் சிவக்கும், அரிப்புத்தான் முதல் புகார், பீளை நூல் நூலாக வெள்ளையாக வரும். வருடத்துக்குப் பல தடவை வரும், கோடையில் மோசமாகும், பையன்களுக்கு அதிகம். இது யாருக்கும் ஒட்டாது. இந்தப் பிள்ளைகளை மெட்ராஸ் ஐ என்று நினைத்து வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள். பாவம், அவர்கள் வருடத்தில் எத்தனை நாள் வீட்டில் உட்காருவார்கள்? தெரிந்த அலர்ஜி என்றால் கண் டாக்டரிடம் ஒரு முறை எழுதி வாங்கி பிள்ளையின் ஃபைலில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

சரி, வைரஸுக்கு மருந்தில்லை என்றால், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சொட்டு மருந்தைப் போட்ட மறுநாளே சில பிள்ளைகளுக்குக் கண் வெளுத்துவிடுகிறதே, எப்படி? இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். அந்தச் சின்ன பாட்டிலில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பது உண்டு. லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கிவிடும். வைரஸை அமுக்காது. அது கண்ணில் தங்கும் காலத்தை நீட்டவும் கூடும். வாசலில் ஆயா இமையைத் தூக்கிப் பார்க்கிறார், வெள்ளையாக இருக்கிறது, உள்ளே விடுகிறார். உங்கள் சோதனையில் பாஸாகும் கண் அது, ஆனால் தொற்று அப்படியே இருக்கிறது. மருந்தை நிறுத்தியதும் சிவப்பு திரும்பும், அம்மா அதே பாட்டிலை மறுபடி எடுப்பார்.

அந்த பாட்டில் வீட்டு ஃபிரிட்ஜில் இடம் பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். கண் சிவக்கும்போதெல்லாம் இரண்டு சொட்டு. ஸ்டீராய்டு கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றும், பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட வேகமாக ஏறலாம். அழுத்தம் ஏறுவது வலிக்காது, வெளியே தெரியாது. பார்வை நரம்பு செத்த பிறகுதான் தெரியவரும், செத்த நரம்பு திரும்பாது. கண்புரையும் வரலாம், ஆறு ஏழு வயதிலேயே. ஒருவேளை அந்தச் சிவப்பு ஹெர்பிஸ் வைரஸால் வந்ததாக இருந்தால், ஸ்டீராய்டு கருவிழிப் புண்ணைப் பெரிதாக்கிவிடும். கண் டாக்டர்களும் சில சமயம் ஸ்டீராய்டு எழுதுவார்கள், அதில் தப்பில்லை; ஸ்லிட் லாம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் கருவிழியைப் பார்த்துவிட்டு, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று கணக்குச் சொல்லி எழுதுவார்கள். சட்டப்படி இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. விற்கிறார்கள் என்பதுதான் நிலைமை.

வாங்கத் தூண்டுவது உங்கள் விதி. இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவையோ ஷிஃப்டில் வேலை பார்க்கும் அப்பாவையோ நினைத்துப் பாருங்கள். ஓபி நேரத்துக்குப் போனால் அரை நாள் சம்பளம் போகும். தனியார் கிளினிக் என்றால் ஃபீஸ். மருந்து போட்டால்தான் பள்ளிக்குள் விடுவார்கள் என்ற நிலையில், தெருமுனை மெடிக்கலில் "மெட்ராஸ் ஐக்கு ஏதாவது டிராப்ஸ் கொடுங்க" என்று வாங்குவதுதான் சுலபமான வழி. சில பள்ளிகள் சீட்டையே கேட்பதில்லை, பாட்டிலின் போட்டோவை அனுப்பினால் போதும். டாக்டரிடமே போனாலும், "ஸ்கூல்ல கேக்கறாங்க டாக்டர், ஏதாவது எழுதிக் குடுங்க" என்று நிற்பார்கள். தேவையில்லாத ஆன்டிபயாடிக் எவ்வளவோ இப்படித்தான் எழுதப்படுகிறது.

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? பிரிட்டனின் பொது சுகாதார வழிகாட்டுதல், கண் சிவப்புக்காக மட்டும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் திரும்பி வருவதற்கு ஆன்டிபயாடிக்கை நிபந்தனையாக வைக்க வேண்டாம் என்கிறது. அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. நம் பள்ளிகளில் ஒரே பாயில் இருபது முப்பது பிள்ளைகள் உட்காருகிறார்கள், வேனில் மடிமேல் மடியாக வருகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் கண்ணைக் கசக்காதே என்று சொல்லிப் பயனில்லை. எனவே தண்ணீர் கொட்டும் வரை, பீளை தள்ளும் வரை வீட்டில் இருக்கட்டும். நம் ஊர் டாக்டர்கள் பொதுவாக நாலைந்து நாள் சொல்வார்கள், அது நியாயமான கணக்கு. வடிதல் நின்று, கண்ணைக் கசக்காமல் விளையாடுகிறது என்றால் அழைத்துக்கொள்ளுங்கள், லேசான சிவப்பு மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. முழுக்க வெளுக்கும் வரை பதினைந்து நாள் என்று விதி போட்டால் பெற்றோர் மறைப்பார்கள். மறைக்கத்தான் செய்கிறார்கள், திங்கட்கிழமை காலை கூலிங் கிளாஸ் போட்டு வரும் எல்.கே.ஜி. பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கூலிங் கிளாஸ் என்றதும் சொல்லிவிடுகிறேன்: பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது பொய். வெளிச்சம் கூசினால் கண்ணாடி ஆறுதலாக இருக்கும், தொற்றை அது தடுக்காது. இந்த நோய் கையால் பரவுகிறது. கண்ணைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட பொருள், அந்தப் பொருளைத் தொட்ட அடுத்த கை. அடினோ வைரஸ் பொருட்களின் மேல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதை வைத்து உங்கள் வகுப்பறையை ஒரு சுற்று பாருங்கள். யூனிஃபார்மில் ஊக்கு குத்தித் தொங்கும் கர்ச்சீப்பில் மூக்கைத் துடைக்கிறார்கள், அதிலேயே கண்ணையும் துடைக்கிறார்கள், பக்கத்துப் பிள்ளையின் வாயையும் துடைத்துவிடுகிறார்கள். சீசன் முடியும் வரை கர்ச்சீப்பைக் கழற்றிவிட்டு டிஷ்யூ பெட்டியும் மூடி போட்ட குப்பைத் தொட்டியும் வையுங்கள். கைகழுவும் இடத்தில் தொங்கும் பொது டவலை இன்றைக்கே எடுத்துவிடலாம். மதியம் தூங்க வைக்கும் பள்ளிகள் தலையணையையும் விரிப்பையும் பிள்ளைக்கு ஒன்றாகப் பெயர் எழுதிப் பிரிக்க வேண்டும். பிளாக்ஸ், கதவுக் குமிழ், மேஜை எல்லாவற்றையும் சாயங்காலம் பிளீச்சிங் கரைசலால் துடைத்து, காய்ந்ததும் பொம்மைகளைத் தண்ணீரில் அலசுங்கள். களிமண் மாவு உருண்டை விளையாட்டு கொஞ்ச நாள் வேண்டாம்.

நவம்பர் 14-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தைகள் தின மாறுவேடப் போட்டி சரியாக இந்த சீசனில்தான் வருகிறது. ஒரே கண்மைப் பென்சிலை வைத்துக்கொண்டு ஆண்டாள், பாரதியார், ஜான்சி ராணி என்று வரிசையாகப் பத்துப் பிள்ளைகளுக்கு மை தீட்டுவதை ஆண்டுவிழா மேக்கப் அறைகளில் கண்டிருக்கிறேன். பாரதியாருக்கு மீசை வரைந்த பென்சில் அடுத்த நிமிடம் ஆண்டாள் இமைக்குள் போகும். மீசை இருக்கட்டும், கண்ணுக்கு மை மட்டும் வேண்டாம் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சானிடைசர் வைத்திருக்கிறோமே என்பீர்கள். இந்த வைரஸுக்கு சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் நம்பகமானவை, சானிடைசரை நம்பி இருக்க வேண்டாம். கால் மிதித்து அழுத்தும் சானிடைசர் ஸ்டாண்ட் இன்னும் வாசலில் நின்றால் அதை அப்புறப்படுத்துங்கள். பெரியவரின் இடுப்பு உயரத்தில் இருக்கும் அதன் குழாய் மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கோவிட் காலத்தில் அப்படித் தெறித்துக் கருவிழி புண்பட்ட பிள்ளைகள் பல நாடுகளில் உண்டு. தெறித்துவிட்டால் டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கண்ணைத் திறந்து கழுவ வேண்டும்.

ஆசிரியைகளுக்கு ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளைக்கு உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது. கண்ணைக் கொட்டிக்கொண்டே இருக்கும், ஜன்னல் பக்கம் திரும்பாது, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். அப்போது டிஷ்யூவால் துடைத்து, தனியாக உட்கார வைத்து, வீட்டுக்குப் போன் செய்யுங்கள், பிறகு நீங்களும் கை கழுவுங்கள். எல்லோர் முன்பும் "இவனுக்கு மெட்ராஸ் ஐ, கிட்ட போகாதீங்க" என்று அறிவிப்பது தேவையா?

சில கண்கள் மட்டும் காத்திருக்கக் கூடாதவை. வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் கண்ணை இறுக்கிக்கொண்டு வலியால் அழுகிற பிள்ளை, மங்கலாகத் தெரிகிறது என்கிற பிள்ளை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிற பிள்ளை, ஒரு கண் இமை வீங்கி மூடிக்கொண்டு காய்ச்சலும் அடிக்கிற பிள்ளை, பென்சிலோ குச்சியோ குத்தியபின் கண் சிவந்த பிள்ளை, இமையைச் சுற்றிக் கொப்புளம் வந்த பிள்ளை, இவர்களை அன்றைக்கே கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். காய்ச்சல், இருமல், சளியோடு கண் சிவந்து உடம்பில் தடிப்பும் வந்தால் தட்டம்மையாக இருக்கலாம். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று போட்டிருக்க வேண்டும். பீளையே இல்லாமல் இரண்டு கண்ணும் சிவந்து, உதடு சிவந்து வெடித்து, ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் அது கண் நோயே இல்லை, குழந்தை டாக்டரிடம் உடனே போக வேண்டும். காப்பகமும் நடத்துகிறவர்களுக்கு: பிறந்து ஒரு மாதத்துக்குள் உள்ள சிசுவின் கண் சிவந்து பீளை வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அதற்குமேல், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்து, தண்ணீரும் பீளையும் மட்டும் வந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பு. மசாஜ் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் குழந்தையை ஒதுக்க வேண்டியதில்லை.

பெற்றோர் குழுவில் வைத்தியக் குறிப்புகள் வரும், அவற்றை அட்மின் என்ற முறையில் நீங்கள் நிறுத்தலாம். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, பன்னீர். என் மாமியார் நந்தியாவட்டையை விட்டுக்கொடுக்கவே இல்லை, அவரிடம் நான் ஜெயித்ததும் இல்லை. பூவை மூடிய இமைமேல் வைப்பதோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. கண்ணுக்குள் ஊற்றும் எதுவும் சுத்தமானதாக இருக்க வேண்டும், சமையலறையில் பிழிந்த சாறு சுத்தம் கிடையாது. கருவிழிப் புண் பழுத்து வந்த கண்களில் பல, இப்படி எதையாவது ஊற்றியவை.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே துடைப்பு, அந்தப் பஞ்சு குப்பைக்கு, அடுத்ததற்குப் புதுப் பஞ்சு. ஈரத் துணியை மூடிய கண்மேல் வைத்தால் எரிச்சல் அடங்கும். டவலும் தலையணை உறையும் தனி. டாக்டர் சொட்டு மருந்து எழுதியிருந்தால், அடம் பிடிக்கும் பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டாம்: படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விடுங்கள், கண்ணைத் திறந்ததும் தானே உள்ளே போய்விடும். பாட்டில் நுனி கண்ணில் படக்கூடாது. அண்ணனுக்கு வாங்கியதைத் தங்கைக்குப் போடக்கூடாது. திறந்து ஒரு மாதம் ஆனதைத் தூக்கிப் போடுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி, இது உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது. ஆயாவுக்கு மெட்ராஸ் ஐ வந்தால் என்ன செய்கிறீர்கள்? லீவு போட்டால் சம்பளம் பிடிப்பு என்றால் அவர் கண்ணில் எதையாவது விட்டுக்கொண்டு வந்துவிடுவார். முப்பது பிள்ளைகளுக்கு மூக்கு துடைப்பதும் சாப்பாடு ஊட்டுவதும் பாத்ரூம் அழைத்துப் போவதும் அவர்தான். கண் சிவந்த பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று எழுதும் சுற்றறிக்கை, ஆயாவுக்கும் வேன் டிரைவருக்கும் சம்பளத்தோடு நாலு நாள் விடுப்பு என்று எழுதுவதில்லை. அதற்கு ஆகும் செலவு ஒரு ஆண்டுவிழா பேனருக்கு ஆகும் செலவைத் தாண்டாது.

உங்கள் வசதிக்காக ஒரு வாசகம் எழுதித் தருகிறேன். அப்படியே காப்பி செய்து குழுவில் போட்டுக்கொள்ளலாம்:

"அன்புள்ள பெற்றோருக்கு, பிள்ளையின் கண் சிவந்து நீரோ பீளையோ வடிந்தால் வடிதல் நிற்கும் வரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர மருந்துச் சீட்டோ சான்றிதழோ தேவையில்லை. மெடிக்கலில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்க வேண்டாம். வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல், இமை வீக்கம், காய்ச்சல் இருந்தால் அன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள். தவறிய பாடங்களைத் திரும்பி வந்தபின் நாங்கள் சொல்லிக் கொடுப்போம். விடுப்புக்காக வருகைப் பதிவில் எந்தக் குறையும் வைக்க மாட்டோம்."

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு யு.கே.ஜி. பையனின் பாட்டி